நோயாளியா, குற்றவாளியா? அபின் கடையிலிருந்து மெத்தடோன் கிளினிக் வரை

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)

போதைப்பொருள் பற்றி அரங்கம் வைத்தால் அன்று எங்கள் தொலைபேசிக்கு ஓய்வே கிடையாது. அழைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "விற்கிறவனை மட்டுமில்லை, அடிக்கிறவனையும் சேர்த்துத் தூக்கில் போடுங்கள்" என்கிறது. இன்னொரு கட்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பிள்ளை கெட்டவன் இல்லீங்க, எங்கே கொண்டுபோய்க் காட்டுறது?" என்று கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றால் நம்மில் பலர் முதல் கட்சி. சொந்தப் பிள்ளை என்றால் இரண்டாவது கட்சி.

இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. நம் நாட்டுச் சட்டமும் அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் அதே பழக்கத்துக்கு அடிமையான மனிதனை அது முதலில் வாடிக்கையாளன் என்றது, பிறகு நோயாளி என்றது, பிறகு குற்றவாளி என்றது, இப்போது மறுபடியும் மெல்ல நோயாளி என்று சொல்லிப் பார்க்கிறது. ஏன் இப்படி மாறி மாறிச் சொன்னது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் அரங்கத்தின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கதை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தொடங்குகிறது. கல்கத்தாவில் ஏலம் போன இந்திய அபின் கப்பலில் இங்கே வந்து இறங்கியது. அதைக் காய்ச்சிப் பதப்படுத்தினால் சண்டு. சண்டு விற்கும் உரிமையை வெள்ளையர் அரசாங்கம் குத்தகைக்கு விட்டது. ஈயச் சுரங்கத்திலும் கப்பல் துறையிலும் முதுகு ஒடிய உழைத்த சீனத் தொழிலாளிகள்தாம் முக்கியமான வாடிக்கையாளர்கள். பகலில் வாங்கிய கூலி இரவில் குழாய் வழியே புகையாகிக் குத்தகைக்காரரிடம் போய், அங்கிருந்து கருவூலத்துக்குப் போனது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் மொத்த வருமானத்தில், சில ஆண்டுகளில், பாதிக்கும் மேல் அபின் வருமானம். சாலை போட்டதும் அந்தப் பணம், சம்பளம் கொடுத்ததும் அந்தப் பணம்.

1907இல் அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. மறு ஆண்டு அறிக்கை வந்தது. பழக்கத்தை உடனே ஒழிக்க வேண்டியதில்லை, குத்தகைக்காரரை நீக்கிவிட்டு அரசாங்கமே விற்கலாம் என்ற வழியை அது காட்டியது. 1910இல் அப்படியே நடந்தது. இன்றைய சட்டத்தின் கண்ணால் பார்த்தால், இந்த மண்ணில் மிகப் பெரிய போதைப்பொருள் வியாபாரி அன்றைய அரசாங்கமேதான்.

அந்தக் காலத்தில் தண்டனை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? சிகிச்சை கொடுக்க முன்வந்த ஒரு மருத்துவருக்கு.

பினாங்கில் 1879இல் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்துத் திரும்பியவர். சூலியா ஸ்திரீட்டில் மருத்துவமனை வைத்தார். அபினுக்கு அடிமையானவர்கள் அவரிடம் வந்தார்கள். அவர் சும்மா இருக்கவில்லை; அபின் எதிர்ப்புச் சங்கத்தை முன்னின்று நடத்தினார். 1906இல் ஈப்போவில் அபின் எதிர்ப்பு மாநாடு கூடியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1907இல் அவருடைய மருந்தறை சோதனையிடப்பட்டது. ஓர் அவுன்ஸ் அபின் கலந்த மருந்துக் கரைசல் கிடைத்தது. மருத்துவரிடம் மருந்து இருப்பதில் என்ன அதிசயம்? ஆனால் உரிமம் இல்லாமல் வைத்திருந்தார் என்று வழக்குப் போட்டு 100 வெள்ளி அபராதம் விதித்தார்கள். மேல்முறையீடும் பலிக்கவில்லை. டன் கணக்கில் விற்ற அரசாங்கம், ஓர் அவுன்ஸ் வைத்திருந்தவரைக் கூண்டில் ஏற்றியது.

மனம் வெறுத்து அவர் 1908இல் சீனாவுக்குப் போய்விட்டார். 1910, 1911இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது அதை அடக்கி உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். கோவிட் காலத்தில் முகக்கவசத்தின் வரலாறு பேசப்பட்டபோது அவர் பெயர் மறுபடியும் அடிபட்டது. நாம் 100 வெள்ளி வசூலித்து அனுப்பிவைத்த மருத்துவர்.

நம் தோட்டப்புறக் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. சீனருக்குச் சண்டு என்றால் தமிழருக்குக் கள். தோட்டத்திலேயே கள்ளுக்கடை, உரிமம் கொடுத்தது அரசாங்கம். 1947இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பியது. குடிக்காதீர்கள் என்று சொன்னவர்கள்மீதுதான் போலீஸ் பாய்ந்தது. பலர் கைதானார்கள், உயிர்ப்பலியும் நேர்ந்தது. இதைத் தனியாகவே ஓர் அரங்கத்தில் பேச வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்: போதையால் வருமானம் வரும்வரை, அதைக் குணப்படுத்த நினைப்பவன்தான் தொந்தரவு கொடுப்பவன்.

அரசாங்கம் தானும் அந்தப் பழக்கத்தை விட வேண்டிய நாள் வந்தது. உலக அரங்கில் அபினுக்கு எதிரான நெருக்குதல் அதிகமானது. 1925இல் நீரிணைக் குடியேற்றங்களில் ஒரு தனி நிதி ஏற்படுத்தினார்கள். அபின் வருமானம் நின்றுபோனால் அந்த இடத்தை நிரப்புவதற்கான சேமிப்பு அது. அடிமைப்பட்டவனைப் படிப்படியாக மீட்பது போல அரசாங்கம் தனக்குத்தானே வைத்தியம் பார்த்துக்கொண்டது என்று சொன்னால் தவறில்லை. 1929இல் புகைப்பவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை வந்தது. பதிவு செய்தவர் உரிமம் பெற்ற வாடிக்கையாளர்.

பிறகு போர். ஜப்பானியர் காலத்திலும் அபின் விற்பனை நிற்கவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் ஓர் அறிவிப்பு விடுத்தது: மீட்கப்படும் கிழக்காசியப் பகுதிகளில் இனி அபின் விற்பனைக்கு இடமில்லை. 1946இல் தடை நடைமுறைக்கு வந்தது. முப்பது வருடம் அரசாங்கத்திடமே சண்டு வாங்கிப் புகைத்த ஒரு கிழவரை எண்ணிப் பாருங்கள். அவர் உடம்பு அதேதான், குழாய் அதேதான், பாயும் அதேதான். ஆனால் இப்போது அவர் குற்றவாளி. நோயாளி என்பதும் குற்றவாளி என்பதும் உடம்பில் எழுதியிருப்பதில்லை நேயர்களே, அரசிதழில் எழுதப்படுவது.

அந்தக் கிழவர்களைச் சிறையில் அடைத்துப் பார்த்தார்கள். வெளியே வந்தார்கள், மறுபடியும் புகைத்தார்கள். சிங்கப்பூர் வேறொரு வழி தேடியது. 1955இல் செயின்ட் ஜான் தீவில் அபின் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. நம்மவர்கள் அந்தத் தீவை அறிவார்கள். கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. பிடிபட்டவர்களை நீதிமன்றம் அங்கே அனுப்பியது. மருத்துவமும் கிடைத்தது, கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் நாலு பக்கமும் கடல். சிகிச்சையும் தண்டனையும் ஒரே கூரையின்கீழ் குடியேறியது அங்கேதான் என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அவை பிரியவில்லை.

1970களில் கிழவர்கள் மறைந்து இளைஞர்கள் வந்தார்கள். வியட்நாம் போர்க்காலம், தாய்லாந்து, பர்மா, லாவோஸ் எல்லைகள் சந்திக்கும் தங்க முக்கோணத்திலிருந்து ஹெராயின் இறங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொழிற்சாலை இளைஞர்கள், நம் தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் அதில் விழுந்தார்கள். பெற்றோரும் அரசாங்கமும் பயந்தார்கள். அந்தப் பயம் பொய்யானதல்ல. சிங்கப்பூரில் 1971இல் மத்தியப் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அமைந்தது. 1975இல் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்று சட்டம் திருத்தப்பட்டது. 1977இல் வீதி வீதியாகச் சோதனை நடத்திப் பயன்படுத்துவோரைப் பிடித்து மறுவாழ்வு மையங்களில் அடைத்தார்கள். நம் நாட்டிலும் 1975இல் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை விதிக்க வழி செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு பெமாடாம் சங்கம் பிறந்தது.

1983ஆம் ஆண்டை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அந்த ஆண்டு பிரதமர் டாக்டர் மகாதீரின் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே மிரட்டல் என்று அறிவித்தது. கடத்தலுக்கு மரண தண்டனை கட்டாயமாக்கப்பட்டது. நீதிபதி மனமிரங்கினாலும் வேறு தண்டனை கொடுக்க முடியாது. அதே ஆண்டில்தான் போதைப்பொருள் அடிமைகளுக்கான சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டமும் வந்தது. தூக்குக் கயிறும் மறுவாழ்வும் ஒரே வருடத்து இரட்டைப் பிள்ளைகள். 1986 ஜூலையில் புடு சிறையில் இரண்டு ஆஸ்திரேலியர்கள் தூக்கிலிடப்பட்டபோது முதல் பிள்ளையை உலகமே அறிந்துகொண்டது. இரண்டாவது பிள்ளையை நம் குடும்பங்கள்தாம் அதிகம் அறியும். அதன் பெயர் பூசாட் செரெந்தி.

சந்தேகத்தின்பேரில் பிடித்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்து, மருத்துவ அதிகாரி சான்று கொடுத்தால், மாஜிஸ்திரேட் இரண்டு ஆண்டுகளுக்கு அங்கே அனுப்பலாம். அதற்குமேல் வெளியே இரண்டு ஆண்டு கண்காணிப்பு. நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்கின. விடியற்காலையில் அணிவகுப்பு, உடற்பயிற்சி, ஒழுக்கப் பாடம், கைத்தொழில் என்று இராணுவப் பாணியில் நடந்தது. ஹெராயின் நின்றதும் வரும் நடுக்கத்தையும் வலியையும் வாந்தியையும் பெரும்பாலோர் மாற்று மருந்து இல்லாமலே தாங்க வேண்டியிருந்தது. இதை யோசித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு யோசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கட்டுப்பாடு வந்தால் பையன் திருந்திவிடுவான் என்பது நம் வீடுகளிலும் இருக்கிற நம்பிக்கைதானே.

ஆனால் மருத்துவம் சொல்வது வேறு. நடுக்கமும் வலியும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். மூளையில் பதிந்த ஏக்கம் அடங்காது. மாதங்கள், வருடங்கள் கழித்தும் பழைய தெரு, பழைய நண்பன், கையில் கொஞ்சம் காசு என்று ஏதாவது ஒன்று அதைத் தட்டி எழுப்பிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்குசக்தி குறைந்திருக்கும். வெளியே வந்து பழைய அளவையே ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். விடுதலையான சில நாள்களிலேயே பையன் இறந்துபோனான் என்று எந்தக் குடும்பமாவது சொன்னால், அது விதியல்ல, இந்தக் கணக்கு.

மறுபடியும் பிடிபட்டவர்களுக்கு என்ன நடந்தது? இரண்டு முறை மையத்துக்குப் போய்த் திரும்பியவர் மீண்டும் சிக்கினால் ஐந்து முதல் ஏழு ஆண்டு சிறையும் பிரம்படியும் கொடுக்கச் சட்டத்தில் இடம் வைத்தார்கள். சிங்கப்பூர் 1998இலேயே இதுபோல் நீண்டகாலச் சிறையும் பிரம்படியும் கொண்டுவந்திருந்தது. மருந்து கேட்கவில்லை என்றால் வைத்தியத்தை மாற்றுவதுதான் வழக்கம். இங்கே நோயாளியை அடித்தார்கள். சிகிச்சை என்று பெயர் சூட்டியிருந்தாலும் அது நடந்த வீடு தண்டனையின் வீடு. பையனை ஒளித்துவைத்த தாய்மார்களை இதற்காகக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பூட்டை உடைத்தது கருணை அல்ல, எச்.ஐ.வி. ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் கிருமி பரவியது. 2002ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 6,978 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது, அவர்களில் பெரும்பான்மையோர் ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொண்டவர்கள். அவர்களோடு நிற்கவில்லை, மனைவிமாருக்கும் குழந்தைகளுக்கும் போனது. சுகாதார அமைச்சு எடுத்த முடிவு அன்று பலரைத் திடுக்கிட வைத்தது. 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சையும், 2006இல் சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் முன்னோட்டமாகத் தொடங்கின. "அரசாங்கமே ஊசி கொடுப்பதா?" என்று கொதித்தவர்கள் உண்டு. சமயவாதிகள் மட்டுமல்ல, நம் அரங்கத்துக்கு வந்து பேசக்கூடியவர்களும்தான்.

மெத்தடோன் என்பது திரவ மருந்து. தினமும் கிளினிக்குக்குப் போய் ஊழியர் முன்னால் குடிக்க வேண்டும். ஹெராயின் பிடிக்கும் அதே இடத்தை மூளையில் இது பிடித்துக்கொள்கிறது. ஆனால் மெதுவாக வேலை செய்து நாள் முழுக்க நிற்பதால் மயக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஆள் வேலைக்குப் போகலாம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நீரிழிவுக்காரர் ஆயுள் முழுக்க இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் யாரும் பழக்கம் என்று ஏசுவதில்லை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலிலேயே பிறகு மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். தொழுகை நடக்கும் இடத்தில் மருந்து! நம் கோயில் நிர்வாகங்கள் இதை எண்ணிப் பார்க்கலாம் என்று பணிவோடு சொல்லிவைக்கிறேன். 2010களின் தொடக்கத்துக்குள் புதிய எச்.ஐ.வி. எண்ணிக்கை 2002இல் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

சிங்கப்பூர் அதே ஆண்டுகளில் எதிர்த்திசையில் போனது. சுபுடெக்ஸ் என்ற மாற்று மருந்து அங்கே 2002இல் சிகிச்சைக்கு வந்தது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள் பலர். 2006 ஆகஸ்டில் அதுவே தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் ஏறியது. நேற்றுவரை மருத்துவர் சீட்டு, இன்று கைவிலங்கு. 1946இன் கிழவர் நினைவுக்கு வருகிறாரா? ஆனால் சிங்கப்பூரும் 2019இல் கொஞ்சம் இறங்கிவந்தது. வேறு குற்றம் செய்யாமல் போதைப்பொருள் பயன்படுத்தியவர் மறுபடி பிடிபட்டாலும் நீண்டகாலச் சிறைக்குப் போகாமல் மறுவாழ்வு மையத்துக்குப் போக அந்த ஆண்டு திருத்தம் வழி செய்தது. அதுவும் பூட்டிய மையம்தான், என்றாலும் சிறைத் தழும்பு இல்லை.

நம் நாட்டில் 2010இல் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம் சில பூசாட் செரெந்திகளைத் தாமாக வருவோருக்கான கிளினிக்குகளாக மாற்றத் தொடங்கியது. முதலாவது சுங்கை பெசியில். கதவு திறந்திருக்கும், மெத்தடோன் உண்டு, ஆலோசனை உண்டு. பழைய கட்டாய மையங்களும் ஒருபக்கம் நடந்தன. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்து 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். கட்டாய மையத்திலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருந்தார்கள். தாமாக வந்து சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆனது. ஒரு மாதம் எங்கே, ஒரு வருடம் எங்கே? ஆய்வில் சேர்ந்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவுதான். தாமாக வருகிறவருக்கு மன உறுதி கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். அதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வித்தியாசத்தை ஊதித் தள்ளிவிட முடியாது.

"சரி, அடிமையானவனை விடுங்கள், விற்கிறவனை என்ன செய்வது?" அரங்கத்தில் ஓர் அன்பர் கேட்டார். விற்கிறவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. என் சந்தேகமெல்லாம் தராசைப் பற்றியது. 15 கிராம் ஹெராயின் என்பது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைகூட வராது. அதற்குமேல் வைத்திருந்தால் கடத்தல்காரன் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று அவன்தான் நிரூபிக்க வேண்டும். தன் பழக்கத்துக்குக் காசு தேடி நாலு பொட்டலம் விற்பவனும், கடனுக்காகப் பை சுமப்பவனும் இந்தத் தராசில் ஏறிவிடுகிறார்கள். பெரிய முதலாளி தராசுப் பக்கமே வருவதில்லை. 2022 ஏப்ரலில் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட பேராக்கைச் சேர்ந்த நம் இளைஞரிடம் இருந்தது 42.72 கிராம், அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தது. அதற்குப் பின்னால் இருந்த முதலாளி யார் என்று எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை.

நம் சட்டம் அந்தத் தராசைத் திருத்தத் தொடங்கிவிட்டது. 2018 மார்ச்சில் சில சூழ்நிலைகளில் தூக்கைத் தவிர்க்கும் அதிகாரம் நீதிபதிக்குக் கிடைத்தது. 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம், கையில் இருந்ததாக ஓர் அனுமானம், அதன்மேல் கடத்தல் என்று இன்னோர் அனுமானம் வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையே நீங்கியது. தண்டனை இருக்கிறது, கட்டாயம் இல்லை. மரண தண்டனைக் கைதிகள் ஆயிரம் பேர்வரை மறுபரிசீலனைக்குத் தகுதி பெற்றார்கள். அதில் பெரும்பாலோரின் தூக்கு, சிறைத் தண்டனையாக மாறியது. நாற்பது ஆண்டு கழித்து, 1983இல் பிறந்த முதல் பிள்ளை கொஞ்சம் தணிந்திருக்கிறான்.

இரண்டாவது பிள்ளையிடம் இன்னும் வேலை பாக்கி. இன்று நம் இளைஞர்களைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஹெராயின் அல்ல, சியாபு. மெத்தடோன் சியாபுவுக்குப் பயன்படாது. அதன் இடத்தைப் பிடிக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. ஆலோசனை, ஒழுங்கான தூக்கம், வேலை, பழைய கூட்டத்திலிருந்து விலகல் ஆகியவைதாம் சிகிச்சை, அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். தொலைபேசியில் குரலைத் தாழ்த்திக் கேட்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: போலீஸ் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடிமையானவர் தாமே முன்வந்து தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் அதிகாரியிடம் சிகிச்சைக்கு விண்ணப்பிக்க 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோரும் விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்னதும் அரங்கத்தில் ஓர் அம்மா எழுந்து, "அங்கே தமிழில் பேச ஆள் இருக்குமா?" என்று கேட்டார். அதற்கு அன்று அரங்கத்தில் இருந்த யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.